அண்டாவின் ஓரத்துச் சோறு

உணவியல் முதுகலை ஆய்வுக்காக ஒரு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் நான் நின்ற ஆறு வாரங்களில், பேனாவை விட அதிகமாகக் கையில் பிடித்திருந்தது முள் வைத்த தெர்மாமீட்டரைத்தான். அங்கே காலை எட்டரை மணிக்கெல்லாம் மதியச் சோறு வடித்து முடிந்துவிடும். அடுப்புகள் குறைவு என்பதாலும், சாம்பாருக்கும் பொரியலுக்கும் உப்பில்லா உணவுக்கும் அதே அடுப்புகளே வேண்டும் என்பதாலும் சோற்றை முதலில் முடிப்பது பல ஆண்டுப் பழக்கம். வடித்ததைப் பெரிய அண்டாக்களில் கொட்டி, ஈரத்துணி போட்டு மூடி வைத்து, பதினொன்றரைக்கு டிராலியில் ஏற்றுவார்கள். கடைசி வார்டுக்கு அது போய்ச் சேரும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும்.

அங்கே தலைமைச் சமையற்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். முதல் நாள் நான் முள்ளோடு அண்டாவை நெருங்கியபோது, “சோறு சூடாத்தானே இருக்கு மேடம், தொட்டுப் பாருங்க” என்றார். தொட்டேன், சுட்டது. முள்ளை நடுவில் இறக்கினால் 61 டிகிரி செல்சியஸ். ஒரு சாண் தள்ளி, பாத்திரத்தின் ஓரத்தில் இறக்கினால் 46. இரண்டையும் கை ‘சூடு’ என்றே சொல்கிறது, ஏனென்றால் ஏறக்குறைய 45 டிகிரியிலேயே நம் தோல் சுடுகிறது என்று உணர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு என்பதை விரல் நுனியால் அறிய முடியாது. மாஸ்டர் பொய் சொல்லவில்லை; அவர் நம்பியிருந்த கருவியின் எல்லை அவ்வளவுதான்.

இந்தப் பதினைந்து டிகிரி வித்தியாசத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா மண்ணில் வாழ்வது. நெல்லோடு வயலிலிருந்தே வந்து அரிசியில் தங்கிவிடுவது. உலை கொதிக்கும்போது பாக்டீரியா செத்தாலும் அதன் வித்துகள் (ஸ்போர் எனப்படும், வெப்பம் தாங்கும் உறங்குநிலை வடிவம்) பிழைத்துக்கொள்கின்றன. சோறு மெல்ல ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும் மணிகளில் அவை முளைத்துப் பெருகி, சூழல் வாய்த்தால் செரியூலைடு என்ற நச்சையும் சுரந்து வைக்கின்றன. அந்த நச்சு 121 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் சிதையாது. ஆகவே, ஆறிக் கிடந்த சோற்றை ‘மறுபடி நன்றாகச் சூடாக்கிவிட்டால் போதும்’ என்ற எண்ணம் இங்கே பலிக்காது; உண்டு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். 1970-களில் பிரிட்டனில் சீன உணவகங்களின் ப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து நோயுற்றபோதுதான் இது பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது: பருக்கைகள் உதிரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சோற்றை ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியிலேயே நெடுநேரம் ஆறவிட்டிருந்தார்கள். தாம்பாளத்தில் சோற்றைப் பரப்பி உதிரியாக ஆறவைக்கும் நமக்கு இந்தக் காரணம் அன்னியமானதன்று. புளியோதரைக்குப் புளியாவது ஓரளவு காவல் இருக்கிறது. வெறும் சோற்றுக்கு அதுவும் இல்லை.

சாம்பாரின் கதை வேறு. பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறும் குழம்பிலும் பருப்பிலும் பெருகக்கூடிய கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியா, 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகும் வேகம் உடையது. ஆனால் பரிமாறும் முன் தளதளவென்று கொதிக்கவிட்டால் பெருகியவை அழிந்துவிடும். சோற்றுக்கும் சாம்பாருக்கும் ஒரே விதி எழுதி ஒட்டுவது போதாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் கீழ் வந்த விதிமுறைகள், சூடாகப் பரிமாறும் உணவைக் குறைந்தது 60 டிகிரியில் வைத்திருக்கச் சொல்கின்றன. அந்தச் சமையற்கூடத்தின் சுவரிலும் இது அச்சடித்து ஒட்டப்பட்டிருந்தது. வினாத்தாள் கொடுத்தால் பணியாளர்கள் பலரும் சரியான விடையை எழுதுவார்கள். என் ஆய்வின் முதல் பகுதியும் அப்படி ஒரு வினாத்தாள்தான். எண்ணைத் தெரிந்து வைத்திருப்பதற்கும் பதினொன்றரை மணிக்கு ஓரத்துச் சோறு அந்த எண்ணில் இருப்பதற்கும் நடுவே அடுப்புகளின் எண்ணிக்கை, டிராலி போகும் தூரம், ஆள் பற்றாக்குறை எல்லாம் நிற்கின்றன. வினாத்தாளோடு நின்றுவிடும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான்.

என்னை அதிகம் கலங்க வைத்தது வார்டிலிருந்து திரும்பிய தட்டுகள். பரிமாறுவதற்கு முன்னும் பின்னும் தட்டை எடைபோட்டு, நோயாளி உண்மையில் எவ்வளவு சாப்பிட்டார் என்று கணக்கிடுவது உணவியலில் பழைய முறை. ஒரு பிற்பகல், நீரிழிவு நோயாளியான ஒரு பாட்டியின் தட்டில் 150 கிராம் சோறு அப்படியே மீந்திருந்தது. “ஆறிப்போச்சு கண்ணு, தொண்டையில இறங்கல” என்றார். நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரி உண்டு. டயட் ஷீட்டில் நாங்கள் கவனமாகக் கூட்டி எழுதியதில் 200 கலோரி அளவு அந்தத் தட்டிலேயே தங்கிவிட்டது. அவர் இன்சுலின் போட்டுக்கொண்டவர். போட்ட பிறகு சாப்பாடு குறைந்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரை போகலாம். செவிலியரிடம் உடனே சொன்னோம். பரிசோதித்துவிட்டுப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பாதுகாப்பு, சத்து, நிர்வாகம் என்று பாடத்திட்டத்தில் தனித்தனித் தாள்களாகப் படித்தவை மூன்றும் அந்த ஆறிய சோற்றில் ஒன்றாகக் கிடந்தன.

அதற்குப் பிறகு மாஸ்டரும் நானும் உட்கார்ந்து நேரத்தைப் பின்னிருந்து முன்னாக எழுதினோம். கடைசி வார்டில் சோறு பன்னிரண்டரைக்கு இறங்க வேண்டுமானால் டிராலி எப்போது கிளம்ப வேண்டும், அதற்கு எப்போது வடிக்க வேண்டும் என்று கணக்கிட்டபோது, ஒரே உலையை இரண்டாகப் பிரிப்பதுதான் வழி என்று அவரே சொன்னார். பொரியலை முன்னுக்குத் தள்ளி, இரண்டாம் உலையைப் பத்தரைக்கு வைத்தோம். தொலைவான வார்டுகளுக்கு அந்த உலைச் சோறு முதலில் போயிற்று. தினமும் காலையில் பனிக்கட்டி நீரில் முள்ளை இறக்கிப் பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்க்கும் வேலையை இளைய உதவியாளர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். ஓரத்தில் அளந்து எழுத வேண்டும் என்பதை மட்டும் நோட்டின் மேலே சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

தீராமல் நிற்பது இரவுப் பணியாளர்களுக்காக மாலையிலேயே ஒதுக்கி வைக்கும் சோறு. அதை இப்போதைக்கு ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டங்களில் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். உயரம் பாதியானால் உள்சூடு வெளியேறும் நேரம் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். தட்டங்கள் போதவில்லை. இன்னும் பன்னிரண்டு வாங்கித் தரும்படி நிர்வாகத்துக்கு மாஸ்டரே கையெழுத்திட்டு எழுதியிருக்கிறார்.