பிரஷர் பார்த்தாச்சு, அப்புறம்?

வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பற்றிப் பேச்சு வந்தாலே கோடிக் கணக்குதான் முதலில் வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள், அடுத்த ஆண்டு முடிவதற்குள் பயனாளிகள் ஒரு கோடி என்று அறிவித்தார்கள், 2024இல் ஐ.நா. விருதும் வந்தது. சந்தோஷம்தான். ஆனால் இந்தத் திட்டம் எங்கே போய்ச் சேரப்போகிறது என்று யோசிக்கும்போது என் மனதில் நிற்பது கோடி இல்லை, 7.3.

பிரஷர், சர்க்கரை போன்ற தொற்றா நோய்கள் எத்தனை பேருக்கு என்று பார்க்க 2020இல் மாநிலம் முழுக்க நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் வந்த எண் அது. பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு இரத்த அழுத்தம், அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரை 17.6 சதவீதம் பேருக்கு, கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் அவர்களில் 10.8 சதவீதம். அதாவது பிரஷர் உள்ள நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் தனக்கு இருப்பதே தெரியாமலோ, தெரிந்தும் மாத்திரை போடாமலோ, போட்டும் குறையாமலோ திரிந்துகொண்டிருந்தார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது, பரிசோதனை ஒன்றும் நமக்குப் புதுசு இல்லை என்பது. வருமுன் காப்போம் முகாம் 1999லேயே வந்துவிட்டது. உலக வங்கிக் கடனில் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில் 2007 வாக்கில் விருதுநகரிலும் சிவகங்கையிலும் இரத்த அழுத்தத்துக்கும், தேனியிலும் தஞ்சாவூரிலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் முன்னோட்டம் பார்த்தார்கள். பிறகு 2012இலிருந்து மாநிலம் முழுக்க அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பது வயது தாண்டியவர்களுக்கு பி.பி., சுகர் பார்க்கும் ஏற்பாடு விரிந்தது. இவ்வளவும் நடந்த பிறகுதான் அந்த 7.3. பார்க்காததால் வந்த எண் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

சாத்தூர்ப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா நல்ல உதாரணம். முகாமில் 170/100 என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்ததோடு சரி. கேட்டால், "எனக்கென்னடா, தலை சுத்துதா, மயக்கம் வருதா? இப்ப மாத்திரையைத் தொட்டா சாகுற வரைக்கும் விடமாட்டானுக" என்றார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதுதான் சிக்கல். பிரஷருக்கு வலி கிடையாது, மாத்திரை போட்டால் உடனே தெரிகிற சுகமும் கிடையாது, மாதா மாதம் ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் நிற்க அரைநாள் கூலி போகும். இப்படிப்பட்ட மனிதரை ஒரு சீட்டு எப்படி மருந்துக்குள் கொண்டுவரும்?

பொது உடல் பரிசோதனையால் ஆயுள் கூடுகிறதா என்று பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு (2012இல் வந்தது, 2019இல் புதுப்பித்தார்கள்) இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்றுதான் முடித்தது. மாஸ்டர் செக்கப் என்று வைட்டமின் டி, ட்யூமர் மார்க்கர் வரை ஐம்பது அறுபது டெஸ்ட்டைக் கட்டிவைத்து விற்பவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை, அது அவர்கள் பிழைப்பு. அதற்காகப் பரிசோதனையே வீண் என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் அதற்கு நேரெதிரான சாட்சி நம் திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, பயிற்சி பெற்ற நர்சுகளே கண்ணால் பார்த்துச் சொல்லும் எளிய சோதனை. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் அந்த ஆய்வின் முடிவு வந்தபோது அந்தப் புற்றுநோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. சந்தேகமான இடம் தெரிந்தால், பொருத்தமான பெண்களுக்கு அதே வருகையிலேயே குளிர்வித்து அழிக்கும் சிகிச்சையையும் நர்சே கொடுத்துவிடுவார். "அடுத்த வாரம் ஜி.எச்.சுக்குப் போங்க" என்ற வார்த்தைக்கு அங்கே வேலை குறைவு.

மக்களைத் தேடி மருத்துவத்தில் எனக்குப் பிடித்ததும் இந்த இடம்தான். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் பி.பி. மெஷினையும் குளுக்கோமீட்டரையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார், அளவு பார்க்கிறார், மாத்திரையையும் கொண்டுவந்து கொடுக்கிறார். அதே தெருக்காரர் என்பதால் "போன மாசத்து அட்டை அப்படியே இருக்கே, ஏன் போடலை?" என்று உரிமையோடு கேட்கவும் முடிகிறது. டாக்டர் கேட்டால் பொய் சொல்வோம், பக்கத்துத் தெரு அக்காவிடம் அவ்வளவு சுலபமாக முடியாது. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகைதான். மொத்தத் திட்டமும் இவர்கள் காலில்தான் நடக்கிறது என்னும்போது இது எத்தனை நாளைக்கு ஓடும் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு பெரிய ஓட்டை, ஆண்கள். பகலில் கதவைத் தட்டினால் இருப்பது வயதானவர்களும் பெண்களும்தான். நாற்பது வயதில் லாரி ஓட்டுபவன், சித்தாள், மெக்கானிக் எவனும் மாட்டமாட்டான், பக்கவாதம் வந்தால் அந்தக் குடும்பமே படுத்துவிடும். 2024இல் தொழிற்சாலைகளுக்கே போய்ப் பார்க்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் தொடங்கியது இதனால்தான். ஆனால் வாசல் கேட்டும் வருகைப் பதிவேடும் உள்ள கம்பெனி ஆட்களைப் பிடிப்பது சுலபம், வேலை கிடைக்கும் இடத்துக்கெல்லாம் அலைபவனுக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டிலோ சந்தையிலோ மேசை போட்டால்தான் உண்டு.

இதற்கு மேல் 2023 கடைசியில் ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி மாவட்டங்களில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கு வீட்டுக்கு வீடு அழைப்புக் கொடுத்துப் பரிசோதனை ஆரம்பித்தார்கள். 2025 ஆகஸ்டில் சனிக்கிழமை முகாம்கள் வந்தன, ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் ஒரே இடத்தில். கூட்டம் வரும், போட்டோவும் நன்றாக வரும். நான் கேட்பது வேறு. முகாமில் ஈ.சி.ஜி.யில் கோளாறு தெரிந்தவர் எத்தனை நாளில் இதய டாக்டரைப் பார்த்தார், மார்பில் கட்டி தெரிந்த பெண்ணுக்கு பயாப்ஸி (சதையைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கும் சோதனை) எப்போது நடந்தது, நடக்காமல் காணாமல் போனவர்கள் எத்தனை பேர். இதை மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் போட வேண்டும், பயனாளிகள் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே. கூடவே பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களின் சதவீதமும். 7.3 எங்கே ஏறியிருக்கிறது, எந்த மாவட்டத்தில் நகரவே இல்லை என்று பார்த்தால் அடுத்த ஆண்டு மாத்திரையும் ஆளும் எங்கே கூடுதலாகப் போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஆட்சிக்கு ஆட்சி திட்டத்தின் பெயரை மாற்றிக்கொள்ளட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. தன்னார்வலர் கையில் இருக்கும் வீட்டுப் பட்டியலை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்க வேண்டாம்.