ஹார்ட்லி

ஆங்கில சார் போய்விட்டார் என்ற செய்தி நம் பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது இங்கே டொரன்டோவில் இரவு 2 மணி. வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். நடுவில் ஒருவன், "டேய் ஹார்ட்லி, பாத்தியா?" என்று கேட்டிருந்தான். 40 வருஷமாகியும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட். காசிமேட்டு மீன் துறைமுகக் காற்று ஜன்னல் வழியாக என்ன கொண்டுவரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அட்வெர்புக்கு நாங்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தோம். தமிழில் 'ஆக' சேர்க்கிற இடத்தில் ஆங்கிலத்தில் 'லி' ஒட்டினால் ஆயிற்று. மெதுவாக, ஸ்லோலி. அழகாக, பியூட்டிஃபுல்லி. அதே கணக்கில் 'ஃபாஸ்ட்லி' ஓடினோம். அப்படி ஒரு சொல்லே கிடையாது, வெறும் ஃபாஸ்ட்தான் என்றார் சார். நாங்கள் நம்பவில்லை. 'ஃப்ரெண்ட்லி' வாலில் லி இருக்கிறதே என்று அடம்பிடித்தோம். அது அட்ஜெக்டிவாம்.

அப்புறம் 'என் அப்பா' கட்டுரை வந்தது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கஷ்டப்பட்டு உழைக்கிறார் என்று காட்ட, 'மை ஃபாதர் வொர்க்ஸ் ஹார்ட்லி' என்று எழுதினேன். சார் உரக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். "உங்கப்பா வேலையே செய்யறதில்லையா? ஹார்டுன்னாலே கஷ்டப்பட்டு. ஹார்ட்லின்னா அநேகமா இல்லன்னு அர்த்தம்பா." கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இன்னாடா ஹார்ட்லி, உங்க நைனா வூட்லயே குந்திக்கினு இருக்காரா?" வகுப்பே உருண்டது. சாரும் சிரித்தார். அதுதான் வலித்தது.

சாயங்காலம் அப்பா தோளுக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னார். காய்த்துப்போன தோள். கட்டுரைக்கு எத்தனை மார்க் என்று கேட்டார். இன்னும் தரவில்லை என்றேன்.

அந்த அவமானம்தான் என்னை உயர்த்தியது என்று எழுதினால் இந்தப் பள்ளி நினைவு மலருக்கு நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. மறுவாரமே சார் பள்ளி முடிந்ததும் என்னை உட்காரவைத்துச் சொல்லித்தர ஆரம்பித்தார். காசு வாங்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. 'ஐ லைக் வெரி மச் டீ' என்பேன். தமிழில் வினை கடைசியில் அசையாமல் நிற்கும், அதற்கு முன்னால் நீ எதையும் இடம் மாற்றலாம்; ஆங்கிலத்தில் லைக்குக்கும் டீக்கும் நடுவே புகுந்தால் உதைப்பார்கள் என்பார்.

அந்த ஆங்கிலம்தான் விசா நேர்காணலில் கைகொடுத்தது. இங்கே வந்தபின் அப்பாவோடு மாதம் ஒரு போன், அதுவும் கார்டில் நிமிஷம் தீரும்வரை. அவர் போனபோது டிக்கெட் எடுத்து நான் வந்து இறங்குவதற்குள் மூலக்கொத்தளம் மயானத்தில் எல்லாம் முடிந்திருந்தது.

அன்று இரவு சாருக்கு இரங்கல் எழுத உட்கார்ந்தவன், 'ஐ ஹார்ட்லி ஸ்போக் டு மை ஃபாதர்' என்று தட்டிவிட்டு அழித்தேன். இலக்கணம் சரியாகத்தான் இருந்தது.