எஸ்எஸ்டியை மாற்றினேன், டெபியன் பாதியில் நின்றது

டெபியன் லினக்ஸ் ஓடும் வீட்டுக் கணினியில் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (பழைய வகை இணைப்புள்ள சேமிப்பு டிஸ்க்) நிரம்பிவிட்டதால் 1 டிபி என்விஎம்இ (பிசிஐ வழியாக இணையும் வேகமான எஸ்எஸ்டி) ஒன்று வாங்கினேன். சனிக்கிழமை மாலை லைவ் யுஎஸ்பியில் (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) கணினியை ஏற்றி, டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையால் பழையதை அப்படியே புதியதில் நகலெடுத்தேன். பழையதைக் கழற்றி வைத்துவிட்டு ஆன் செய்தேன். கிரப் (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) மெனு வந்தது, கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஓட ஆரம்பித்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அரை நிமிடம் போல ஒன்றும் நகரவில்லை. அப்புறம் சிஸ்டம் இருக்கும் ரூட் பகிர்வின் யுயுஐடியை (அதன் தனி அடையாள எண்) சொல்லி, அப்படி ஒன்று இல்லை என்ற எச்சரிக்கை. அதற்குக் கீழே இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குறிக்குள் எழுதி, கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. ரூட்டை எட்டும் வரை கெர்னலுக்கு உதவும் தற்காலிகக் கோப்புத் தொகுப்புதான் இனிட்ராம்எஃப்எஸ்; அதன் குட்டி ஷெல்லில் (கட்டளை கொடுக்கும் இடம்) நின்றிருந்தது.

முதலில் நகல்தான் கெட்டுவிட்டது என்று சந்தேகப்பட்டேன். ஆனால் கிரப்பும் கெர்னலும் அதே டிஸ்கிலிருந்துதானே வந்தன? அந்தக் குட்டி ஷெல்லிலேயே சாதனங்களின் பெயர்கள் இருக்கும் டெவ் அடைவைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். என்விஎம்இ என்று தொடங்கும் பெயர் ஒன்றுகூட இல்லை. மோட்ப்ரோப் கட்டளை கொடுத்து என்விஎம்இ டிரைவரை (டிஸ்கைக் கையாளும் நிரல்) ஏற்றப் பார்த்தால், அப்படி மாட்யூலே (கெர்னலில் தனியாகச் சேர்க்கும் துண்டு) இல்லை என்றது. காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

கிரப் டிஸ்கைப் படிப்பது மதர்போர்டில் இருக்கும் யுஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருளின் உதவியோடு. அதற்கு என்விஎம்இ தெரியும். கெர்னல் பொறுப்பேற்ற பிறகு அந்த உதவி கிடையாது, சொந்த டிரைவர் வேண்டும். என் டெபியனில் அந்த டிரைவர் தனி மாட்யூல். இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருந்தால்தான் ரூட்டை எட்ட முடியும். நானோ, கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இருக்கும் பூட் பகிர்வு சிறியது என்பதால், முன்பு ஒருநாள் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் மாட்யூல்ஸ் வரியை 'மோஸ்ட்' (பெரும்பாலான டிரைவர்களையும் சேர்) என்பதிலிருந்து 'டெப்' என்று மாற்றி வைத்திருந்தேன். 'டெப்' என்றால் அப்போது கணினியில் இருக்கும் வன்பொருளுக்குத் தேவையானதை மட்டும் கட்டும். அப்போது இருந்தது சாட்டா மட்டும்தான்.

மறுபடி லைவ் யுஎஸ்பி. புதிய டிஸ்கின் ரூட்டை மவுண்ட் செய்து (அடைவாக இணைத்து), டெவ், ப்ராக், சிஸ் என்ற சிஸ்டம் அடைவுகள் மூன்றையும் பைண்ட் செய்து (அதற்குள்ளும் தெரியவைத்து), சிஎச்ரூட் கட்டளையால் அந்த ரூட்டையே சிஸ்டமாகக் கொண்டு உள்ளே போனேன். 'மோஸ்ட்' என்று திருத்தி, எல்லாக் கெர்னலுக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கச் சொன்னால், பூட்டில் பழைய கோப்பே இல்லை, புதுப்பிக்க முடியாது என்றது. பூட் தனிப் பகிர்வு, அதை மவுண்ட் செய்யவில்லை! அதையும் மவுண்ட் செய்து, பழைய கெர்னல் இரண்டை நீக்கி இடம் உண்டாக்கிய பிறகு ஒழுங்காக முடிந்தது. லாகின் திரையைப் பார்த்தபோது வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் அந்தத் திரை வருவதற்குள் ஒன்றரை நிமிடக் காத்திருப்பு. பகிர்வுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ரூட்டுக்கு யுயுஐடி இருந்தது. நான் பின்னால் கையால் சேர்த்த ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) வரியில் மட்டும் எஸ்டிஏ3 என்று பழைய டிஸ்கின் சாதனப் பெயரை எழுதியிருந்தேன். இப்போது எஸ்டிஏ என்று எதுவும் இல்லை. சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி 90 வினாடி தேடிவிட்டுத்தான் மேலே போனது. அங்கேயும் யுயுஐடி போட்டதும் சரியானது.

இணையமும் வரவில்லை. நெட்வொர்க் கார்டின் பெயரில் பிசிஐ பஸ் எண் (கார்டு இணைந்துள்ள தடத்தின் எண்) இருக்கும். என்விஎம்இ ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டதால் இஎன்பி2எஸ்0 என்றிருந்தது இஎன்பி3எஸ்0 ஆகிவிட்டது. நெட்வொர்க் அமைப்பு இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பில் ஓர் எண்ணை மாற்றினேன், அவ்வளவுதான்.

பழைய எஸ்எஸ்டியை இன்னும் உள்ளே மாட்டவில்லை. நகல் என்பதால் இரண்டிலும் ஒரே யுயுஐடி. சேர்ந்து இருந்தால் எதை ரூட்டாக எடுக்கும் என்று நம்ப முடியாது. அடுத்த வாரம் லைவ் யுஎஸ்பியில் ஏற்றி, தரவு எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, பழையதன் பகிர்வுகளை அழித்துப் புதிதாக ஃபார்மட் செய்யப் போகிறேன்.