வரிசை குறைந்த நாளில் ராட்டினம்: சேலத்திலிருந்து செய்து பார்த்தது

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை ஒட்டி சேலத்தில் அரசுப் பொருட்காட்சி போடுவார்கள். ஒன்றரை மாதம் போல நடக்கும். கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்து ராட்டினம் ஏறுவது என்று நானும் மகளும் முடிவு செய்தபோது முதலில் கைக்கு எட்டியது அதுதான். டவுன் பஸ் ஏறினால் போய்விடலாம். சரிப்படவில்லை என்றால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கலாம். பெரிய பார்க் என்று கிளம்பினால் ஒரு நாள் முழுக்கப் போகும், காசும் கணிசமாகப் போகும். அதனால் பொருட்காட்சியிலேயே பழகிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம்.

சேலத்தில் எந்த நாள் கூட்டம் சேரும் என்று கண்டுபிடிக்க ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. வெள்ளிப் பட்டறை, தறி, கட்டட வேலை என்று வாரக்கூலி வாங்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். கூலி சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். அன்று ராத்திரியும் மறுநாளும் மைதானத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மாதச் சம்பளக்காரர்கள் முதல் வாரத்தில் வருவார்கள். ஆடிப்பெருக்கையும் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் புதன்கிழமையையும் சொல்லவே வேண்டாம். இதையெல்லாம் கழித்தால் மாதக் கடைசியில் வரும் திங்கள், செவ்வாய், வியாழன் மிச்சம். பொருட்காட்சி தொடங்கிய முதல் சில நாளும் காலியாகத்தான் இருக்கும், ஆனால் பாதி ராட்டினங்களை அப்போதுதான் பூட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்படி ஒரு மாதக் கடைசித் திங்களில், மத்தியானம் தூறல் போட்டு ஓய்ந்த பிறகு போனோம். டிக்கெட் கவுண்டரில் ஆளே இல்லை. பெரிய ராட்டினத்தில் எங்களையும் சேர்த்து நான்கைந்து பேர். ஏறி உட்கார்ந்தாயிற்று, ஆனால் ராட்டினம் நகரவில்லை. ஓட்டுகிற தம்பி நுழைவாயில் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்பங்க எடுப்பீங்க?”

“இன்னும் ஒரு குடும்பம் வரட்டும்ணா, எடுத்துடலாம். ஆளெல்லாம் ஒரே பக்கம் இருந்தா மோட்டாருக்கு ஆகாது.”

அன்று அவர் ஆள் ஏற்றிய விதத்தை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். எங்களைக் கீழே இருந்த பெட்டியில் ஏற்றினார். பாதிச் சுற்று நகர்த்தி, எங்களுக்கு நேர் எதிர்ப் பெட்டி கீழே வந்ததும் அடுத்த குடும்பத்தை அதில் உட்கார வைத்தார். அப்புறம் கால் சுற்று, அதற்கு எதிர்ப் பெட்டி. கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் ஒன்றாக ஏறப் பார்த்தார்கள். ஒருவரைப் பிரித்து எதிர்ப் பக்கத்தில் ஒரு அப்பாவும் குழந்தையும் இருந்த பெட்டிக்கு அனுப்பினார். தராசு எதுவும் கிடையாது, பார்த்தே எடை போடுகிறார். ஒரு பக்கம் கனமாக இருந்தால் அந்தப் பக்கம் மேலே ஏறும்போது மோட்டார் திணறும், இறங்கும்போது சக்கரம் தானாக ஓடப் பார்க்கும், பிரேக்கில்தான் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். கூட்டம் இல்லாத நாளில் ராட்டினம் ஏன் சும்மா நிற்கிறது என்பது இதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. டிக்கெட் காசுக்காக மட்டும் அவர்கள் ஆளை எதிர்பார்த்து நிற்பதில்லை.

ஒருவழியாகச் சுற்ற ஆரம்பித்ததும் தாராளமாகச் சுற்றினார். ஞாயிற்றுக்கிழமை அடுத்த கூட்டம் தயாராக நிற்பதால் சீக்கிரம் இறக்கிவிடுவார்கள். அன்று கீழே யாரும் காத்திருக்கவில்லை. மேலே போகும் ஒவ்வொரு முறையும் வடக்கே ஏற்காட்டு மலைமேல் விளக்குகள் தெரிந்தன. மகள் எண்ணிக்கொண்டே வந்து பாதியில் விட்டுவிட்டாள்.

அதிலிருந்து எங்கள் நோட்டில் இரண்டு கணக்கு எழுத ஆரம்பித்தோம். வரிசையில் நின்ற நேரம் ஒன்று, ஏறி உட்கார்ந்த பிறகு கிளம்பக் காத்திருந்த நேரம் இன்னொன்று. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் சுத்தமாகக் காலியாக இருந்த நாளைவிட, ஓரளவு ஆள் நடமாட்டம் இருந்த செவ்வாய்க்கிழமை ஏழரை மணிதான் நன்றாக இருந்தது. எதிரும் புதிருமாக ஆள் நிரம்ப வேண்டிய பெரிய ராட்டினமும், ஊஞ்சல் மாதிரி ஆடுகிற கப்பலான கொலம்பஸும் அந்த நேரத்துக்கு. பிரேக் டான்ஸ், டோரா டோரா மாதிரி ஆள் குறைவாக இருந்தாலும் எடுத்துவிடுகிறவை போனவுடனே. நடுவில் ஒரு டெல்லி அப்பளம், தட்டுவடை செட். இந்த வரிசை எங்களுக்கு நன்றாகப் படிந்துவிட்டது.

வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பயப்படுவதையும் விட்டுவிட்டோம். பார்க்க வேண்டியது மூன்று: நமக்கு முன்னால் எத்தனை பேர், ஒரு நடைக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள், ஏற்றி இறக்குவதையும் சேர்த்து ஒரு நடைக்கு எத்தனை நிமிடம். நாற்பது பேர் உட்காரும் கொலம்பஸுக்கு நடைக்கு 6 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், முன்னால் 120 பேர் நின்றாலும் 18 நிமிடத்தில் நம் முறை வந்துவிடும். நான்கு பேர் மட்டும் ஏறுகிற, அதே நேரம் பிடிக்கிற ரைடுக்கு முன்னால் இருபது பேர் நின்றால் அரை மணி நேரம் போய்விடும். குட்டி வரிசை என்று ஓடிப்போய் நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று தோன்றுகிறது. மகள் இப்போது போனவுடனே ஒரு நடையைக் கைக்கடிகாரத்தில் பார்த்துவிட்டுத்தான் நிற்கலாமா வேண்டாமா என்று சொல்கிறாள்.

ஏற்காட்டில் படகுக்கும் இதே கணக்குப் போட்டுப் பார்த்தோம். அங்கே இருக்கிற படகுகள் இவ்வளவுதான், போன படகு நேரம் முடிந்துதான் திரும்பும், அதனால் கூட்டம் சேர்ந்துவிட்டால் வரிசை அசையவே அசையாது. ஞாயிற்றுக்கிழமையில் வண்டி வரிசை 20 கொண்டை ஊசி வளைவுகளிலேயே தொடங்கிவிடும். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில் கேட்கவே வேண்டாம். வேலை நாளில் காலை பஸ்ஸில் ஏறிப் போனால் மிதிபடகு கேட்ட உடனே கிடைக்கிறது. மழை வலுத்தால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதால் மழைக்காலத்தில் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஏற்காட்டைப் பற்றி இவ்வளவு போதும்.

பெரிய பார்க் விஷயம்தான் அலசிப் பார்க்க வேண்டியதாக இருந்தது. சேலத்திலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடியவை என்று பார்த்தால், அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். ஓசூர் வழியாக மைசூர் ரோட்டில் பிடதியிலுள்ள வொண்டர்லா, அது 2005 முதல் இருக்கிறது. நாங்கள் பிடதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காலண்டர். அது கர்நாடகத்தில் இருக்கிறது, நாம் தமிழ்நாட்டில் இருக்கிறோம். நமக்கு லீவு, அவர்களுக்கு வேலை நாள் என்று வருகிற நாள் எது என்பதைத் தேடினால் போதும்.

முதலில் நினைவுக்கு வந்தது நம் ஆடிப் புதன். அன்று சேலம் மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை, மற்ற எல்லா ஊரும் வேலையில் இருக்கும். கணக்குப்படி அதைவிடப் பொருத்தமான நாள் வராது. ஆனால் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “காப்புக் கட்டியிருக்கறப்ப ஊரைத் தாண்டி எங்கடா போற?” அம்மா சொல்வதுதான் சரி. பொங்கல் வைக்கிற அன்று கோவில் வாசலில் இல்லாமல் ரோலர் கோஸ்டரில் இருக்க எனக்கும் மனம் வராது.

அடுத்தது ஜூன். கர்நாடகத்தில் பள்ளிகள் வழக்கமாக மே கடைசியிலேயே திறந்துவிடும். நம் பக்கம் வெயில் தணியாவிட்டால் தள்ளிப் போடுவார்கள். 2023-ல் ஜூன் 12 வரை போனது, 2024-ல் ஜூன் 10. அந்த இடைவெளியில் வருகிற செவ்வாய், புதன், வியாழன்தான் சேலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற அருமையான நாட்கள். நமக்கு இன்னும் விடுமுறை, பெங்களூருப் பிள்ளைகள் வகுப்பில். தேதியை அரசு அறிவித்த அன்றே நான் ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்துவிடுவேன். அக்டோபரில் போவதாக இருந்தால் அவர்களுடைய தசரா விடுமுறை எப்போது முடிகிறது என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரும் காலம், வேலை நாளிலும் நம்ப முடியாது.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். தொப்பூர் கணவாயை விடிகிற நேரத்தில் தாண்டி, கிருஷ்ணகிரியில் டிபன். ஓசூர் ரோட்டில் ஆபீஸ் நெரிசல் இருந்தாலும் பெங்களூரைச் சுற்றிப் போகிற நைஸ் ரோட்டைப் பிடித்துவிட்டால் ஊருக்குள் போக வேண்டியதில்லை. பார்க் திறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் வாசலுக்குப் பக்கத்தில் கண்ணில் படுகிற முதல் ரைடில் நின்றுவிடுகிறார்கள். நாங்கள் நேராக உள்ளே நடந்து ரீகாயிலுக்குப் போனோம். முன்னால் போய், அதே தண்டவாளத்தில் பின்னோக்கித் திரும்பி வருகிற கோஸ்டர் அது. போன பாதையிலேயே திரும்ப வேண்டும் என்பதால் ஒரு ரயில்தான் ஓட முடியும். எவ்வளவு கூட்டம் வந்தாலும் இன்னொன்றைச் சேர்த்து விட முடியாது, அதனால் அதைக் காலையிலேயே முடிக்க வேண்டும். அங்கே பெரிய ரைடுகளுக்கு 140 செ.மீ. உயரம் வேண்டும். மகள் அதற்கு எட்டவில்லை, தடுப்புக்கு வெளியே என் மச்சானோடு நின்றாள். வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்புகளுக்குள் நான் ஒருவனாகவே நடந்துபோய் அடுத்த நடையில் ஏறினேன். இறங்கி, சுற்றி வந்து, மறுபடி ஏறினேன். பின்னோக்கிப் போகும்போது அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கழுத்துதான் முதலில் உணர்கிறது. இரண்டாம் முறை கண்ணை மூடாமல் பார்த்தேன்.

வேலை நாளில் தனியாக வருகிறவர்கள் குறைவு, கூட்டமாக வருகிறவர்கள் உண்டு. ஐ.டி. கம்பெனிக்காரர்கள் ஒரே நிற டி-ஷர்ட்டில் மொத்தமாக வந்து ஒரு வரிசையை நிரப்பிவிடுகிறார்கள். அவர்கள் எங்கே போகிறார்களோ அதற்கு எதிர்த் திசையில் போனோம். கூடுதல் காசு கட்டி முன்னால் போகிற ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட் இந்த மாதிரி நாளில் தேவையே இல்லை.

ஒன்று முதல் இரண்டு மணி வரை எல்லோரும் சாப்பாட்டுக்குப் போகிறார்கள். நாங்கள் முன்னதாகவே எலுமிச்சைச் சாதத்தை முடித்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தோம். சாப்பாட்டு நேரத்தில் மகளுக்கான ரைடுகளை ஒன்றுவிடாமல் ஏறினாள். அப்புறம் தண்ணீர்ப் பக்கம். அலைக் குளத்தில் அலை விடப் போவதாகச் சத்தம் கொடுத்ததும் சறுக்குகளில் நின்றவர்கள் அத்தனை பேரும் அங்கே ஓடினார்கள். படிக்கட்டு காலியானது. மகளும் மச்சானும் மேலே ஏறுவதும் சறுக்குவதுமாக அலை நிற்கும்வரை ஓயவில்லை. “மாமா, வாங்க, ஆளே இல்ல!” என்று அவள் கத்தியது கீழே நின்ற எனக்குக் கேட்டது. சாயங்காலம் எல்லோரும் உடை மாற்றும் அறையில் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கொஞ்சம் முன்பே மாற்றிக்கொண்டு வந்த எங்களுக்கு உலர் ரைடுகள் மறுபடி காலியாகக் கிடைத்தன.

வேறொரு நீர்ப் பூங்காவுக்கு வேலை நாளில் போனபோது சறுக்குகளில் பாதியைப் பராமரிப்பு என்று மூடி வைத்திருந்தார்கள், டிக்கெட்டில் ஒரு ரூபாய் குறையவில்லை. நியாயமே இல்லாத செயல். அதிலிருந்து எங்கே போவதானாலும் முந்தின நாள் போன் செய்து, எவையெல்லாம் ஓடுகின்றன என்று பெயர் சொல்லிக் கேட்டுவிடுகிறேன். கேட்டால் சொல்கிறார்கள். இன்னொன்று, ஆள் குறைந்த நாளில் ரைடு ஊழியர்களும் குறைவாக இருப்பார்கள். பாதுகாப்புக் கம்பி பூட்டியிருக்கிறதா என்று அவர்கள் இழுத்துப் பார்த்த பிறகு நாமும் ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் கம்பியை முதலில்.

அடுத்து பார்க்க வேண்டியது பொங்கல். நமக்குத் திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று விடுமுறை தொடரும், கர்நாடகத்தில் சங்கராந்தி ஒரு நாளோடு சரி. உழவர் திருநாள் வார நடுவில் விழுந்தால் பிடதி நன்றாக இருக்க வேண்டும். ஊருக்கு வந்த பெங்களூரு வண்டிகள் திரும்பும்போது கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் நெரிசல் கட்டும், அதனால் விடுமுறையின் கடைசி நாளில் போகக் கூடாது. சுற்றுலாப் பேருந்துகள் அன்று எவ்வளவு வருகின்றன என்பதைப் போய்த்தான் நோட்டில் எழுத வேண்டும். மகளை நேற்று கதவு நிலையில் நிறுத்தி அளந்தேன், 140-க்கு இன்னும் மூன்று செ.மீ. இருக்கிறது.