பாராட்டுன்னு நெனச்சுதான் சொன்னேன்

யூதர்கள் ஏன் இவ்ளோ புத்திசாலின்னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு பல வருஷமா சுத்துது, கர்ப்பமா இருக்கும்போதே அம்மாங்க கணக்கு போடுவாங்க பாதாம் சாப்பிடுவாங்கன்னு. நானும் அதை நல்ல மெசேஜ்னு நெனச்சு நாலு குரூப்புக்கு அனுப்பினவதான். என்கூட வேலை பாக்கற யூதத் தோழிகிட்ட ஒருநாள் இதை சந்தோஷமா சொன்னேன், அவ முகம் அப்படியே வாடிருச்சு. "ஸ்கூல்ல என்கிட்ட பணத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னு கேப்பாங்க, அவங்களும் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க"ன்னா.

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. அப்புறம் நிறைய பேசினோம்.

அவளுக்கு கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனா யோம் கிப்பூர்னு யூதர்களோட பாவமன்னிப்பு நோன்பு நாள் அன்னிக்கு பச்சத் தண்ணி கூட பல்லுல படாது. அப்ப நீ எப்படி யூதர்னு கேட்டுட்டேன். "எங்க பாட்டி யூதர், அம்மா யூதர், நம்பிக்கை போச்சுன்னா பாட்டியும் போயிடுவாளா?" மதம்னு மட்டும் பாத்தா இது புரியவே புரியாது, அது ஒரு சனம், மதம் மாறி உள்ள வந்தவங்களையும் சேத்துக்கிட்ட சனம். எத்தியோப்பியாவுல, ஏமன்ல, ஈராக்குல, ஏன் கொச்சியிலயும் தலைமுறை தலைமுறையா வாழ்ந்திருக்காங்க, வெள்ளைக்காரங்கன்னு நாமளா ஒரு படம் போட்டு வச்சிருக்கோம்.

வெறுக்கறவனும் நம்பிக்கையைக் கேக்கல. எடித் ஷ்டைன் யூதக் குடும்பத்துல பொறந்து கத்தோலிக்கரா மாறி கன்னியாஸ்திரியே ஆனவங்க, 1942ல அவங்களையும் நாஜிங்க ஆஷ்விட்ஸ் கொலை முகாம்ல கொன்னாங்க. 1935ல யூதர் யாருன்னு பிரிக்க நாஜிங்க கொண்டு வந்த நியூரம்பர்க் சட்டம் தாத்தா பாட்டியில எத்தனை பேர் யூதர்னுதான் எண்ணுச்சு.

இந்த பணக்காரங்க கதைக்கு வருவோம். ஐரோப்பாவுல பல ஊர்ல அவங்களுக்கு நிலம் கிடையாது, கைத்தொழில் சங்கத்துல இடம் கிடையாது, கிறிஸ்தவங்க வட்டி வாங்கறது பாவம்னு சர்ச் தடுத்துச்சு. அதனால கொஞ்ச பேர் வட்டித் தொழிலுக்குப் போனாங்க, ராஜா அவங்களை வரி போட்டுப் பிழிஞ்சார், இங்கிலாந்துல 1290ல மொத்தமா வெளிய தள்ளினாங்க. மத்தபடி தையல்காரங்களா, தலைச்சுமை வியாபாரிங்களா வயித்துக்கு அல்லாடினவங்கதான் ஏராளம், அவங்களை யாரும் ஞாபகம் வச்சுக்கல.

மூளைக்காரங்கன்னு சொல்றதுக்கும் மறைஞ்சிருந்து உலகத்தை ஆட்டி வைக்கறாங்கன்னு சொல்றதுக்கும் நடுவுல ஒரு எட்டுதான். 1903ல ரஷ்யாவுல ஒரு பத்திரிகையில, யூதர்கள் உலகத்தைப் பிடிக்கப் போட்டதுன்னு சொல்லி, 'யூத மூப்பர்களோட ரகசியத் திட்டம்'னு ஒண்ணு வந்துச்சு. அது சுத்தப் பொய், வேற புத்தகத்துல இருந்து காப்பி அடிச்சதுன்னு 1921லயே லண்டன் டைம்ஸ் போட்டு உடைச்சிருச்சு. இன்னிக்கும் அதே சரக்கு யூடியூப் வீடியோவா வருது, நம்ம ஆளுங்க ஆஹான்னு கமெண்ட் போடறாங்க.

இஸ்ரேல் அரசைக் கண்டிக்கறது வேற விஷயம், காசா குழந்தைங்களைப் பாத்து அவளும் அழுதிருக்கா. ஆனா அங்க எது நடந்தாலும் ஆபீஸ்ல வந்து இவகிட்ட கணக்கு கேக்கறாங்களே, அது எந்த நியாயம்?

போன மாசம் அவ அக்கா பையனோட பார் மிட்ஸ்வாவுக்கு, அதாவது 13 வயசுல பையனைப் பெரியவனா ஏத்துக்கற சடங்குக்குப் போயிருந்தேன். அவங்க வழிபடற சினகாக் வாசல்ல பையைத் திறந்து காட்டணும், ரெண்டு காவலாளி. 2018ல அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் சினகாக்ல ஒருத்தன் சனிக்கிழமை பிரார்த்தனையில புகுந்து 11 பேரை சுட்டுக் கொன்னதை நெனச்சுக்கிட்டே உள்ள போனேன். அந்தப் பையன் நல்ல சட்டை போட்டுட்டு பதட்டத்துல உதட்டைக் கடிச்சுக்கிட்டு வந்தான், காவலாளியைப் பாத்து சிரிச்சு பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவன் பொறந்ததுல இருந்தே அவங்க அந்த வாசல்லதான் நிக்கறாங்களாம்.