மிதக்கிறது சரி, எஞ்சின் யாருடையது?

2025 ஆகஸ்ட் 26 அன்று உதயகிரி, ஹிம்கிரி என்ற இரண்டு போர்க்கப்பல்களை விசாகப்பட்டினத்தில் ஒரே நாளில் கடற்படையில் சேர்த்தார்கள். ஒன்று மும்பை மசகான் டாக்கில் கட்டியது, மற்றது கொல்கத்தா கார்டன் ரீச்சில் கட்டியது. இரண்டு வெவ்வேறு கட்டுமானத் தளங்களில் உருவான இவ்வளவு பெரிய கப்பல்கள் ஒன்றாகச் சேர்ந்தது இதுவே முதல் முறை. முன்னாள் கடற்படைக்காரன் என்பதால் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு எனக்குத்தான் வாழ்த்து. "சீஃப் சார், சீனாக்காரன் இனி வாலாட்ட மாட்டான்" என்று எதிர்வீட்டுத் தம்பி எழுதியிருந்தான். பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அந்தக் கப்பல்களின் எஞ்சின் என்ன என்று தேடப் போய்விட்டேன். கல்யாண வீட்டில் எல்லோரும் மணமேடையைப் பார்க்க, சமையல்காரர் மட்டும் அடுப்படியை எட்டிப் பார்ப்பாரே, அப்படி.

இந்தப் பெயர்கள் எனக்குப் பழக்கமானவை. பிரிட்டனின் லியாண்டர் என்ற போர்க்கப்பல் வடிவத்தை வாங்கி மசகான் டாக்கில் ஆறு கப்பல்கள் கட்டினார்கள்; பழைய உதயகிரியும் ஹிம்கிரியும் அவற்றில் அடக்கம். 1972இல் வந்த நீலகிரி முதலாவது, 1981இல் வந்த விந்தியகிரி கடைசி. அந்தக் கிரி வரிசையில் ஒன்றில்தான் என் வாலிபம் போனது, பாய்லர் ரூமில். கீழே இறங்கும் இரும்பு ஏணியின் கைப்பிடியைத் துணி சுற்றாமல் தொட முடியாது. நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 550 பவுண்டு, சூடு 450 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அந்தச் சூட்டில் நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெண்டிமூக்கில் வெள்ளையாகப் புகைவதெல்லாம் ஆறிப்போனது. குழாயில் எங்கோ கசிகிறது என்று சத்தம் மட்டும் சொல்லும், இடம் தெரியாது. துடைப்பக் கம்பில் துணியைக் கட்டி முன்னே நீட்டிக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போவோம். துணி எங்கே படபடக்கிறதோ அங்கே கசிவு. கையை நீட்டிப் பார்த்தவன் கை அவனிடம் இருக்காது என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் நல்ல தண்ணீர் முதலில் பாய்லருக்கு, மிச்சம் இருந்தால் மனிதனுக்கு. கடலில் பல நாள் குளியல் என்பது அரை வாளி. அணைந்து கிடக்கும் கப்பலில் நீராவி ஏற்றிப் புறப்பட நாலைந்து மணி நேரமாவது வேண்டும். அதிகாலையில் கப்பல் கிளம்புகிறது என்றால் எங்களுக்கு இரவே விடிந்துவிடும்.

புது ஹிம்கிரியில் இந்தச் சங்கடம் எதுவும் கிடையாது. பழைய கப்பல் 113 மீட்டர் நீளம், மூவாயிரம் டன்னை ஒட்டிய எடை. புதியது 149 மீட்டர், சுமார் 6,700 டன். பொத்தானை அமுக்கினால் சில நிமிடங்களில் கேஸ் டர்பைன் எழுந்துவிடும். பிரம்மோஸ் இருக்கிறது, பராக் ஏவுகணை இருக்கிறது, வடிவமைப்பு முழுக்க நம் கடற்படையின் சொந்தக் கைவேலை. 2017 டிசம்பரில் அடித்தளம் போட்ட, இதே வரிசையின் முதல் கப்பலான புது நீலகிரி 2025 ஜனவரியில் கடற்படைக்கு வந்தது. ஏழு ஆண்டு என்பது நம் வழக்கத்துக்குப் பெரிய முன்னேற்றம். சீனா 2018 ஜூலையில் ஒரே நாளில், ஒரே ஊரில், பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரண்டு கப்பல்களைக் கடலில் இறக்கியது. அந்த ஓட்டத்தில் நாம் போட்டி போட வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஆனால் எதிர்வீட்டுத் தம்பியின் வாலாட்டக் கணக்குக்கு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடற்படைக்காரர்களே ஒரு கப்பலை மூன்றாகப் பிரித்துக் கணக்குப் பார்ப்பார்கள்: மிதப்பது, ஓடுவது, சண்டையிடுவது. மிதப்பதில் நாம் தேறிவிட்டோம். அதற்குக் காரணம் எஃகு. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்துக்கான எஃகு ரஷ்யாவிலிருந்து வரவேண்டியிருந்தது. அது இழுத்துக்கொண்டே போனது. பிறகு ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் செயில் என்ற அரசு எஃகு நிறுவனமும் சேர்ந்து டிஎம்ஆர் 249 என்ற எஃகை இங்கேயே வார்த்தெடுத்தன. விக்ராந்துக்கு மட்டும் சுமார் 30,000 டன். 2009இல் கொச்சியில் அடித்தளம் போட்டு, 2022 செப்டம்பர் 2ஆம் தேதி கடற்படையில் சேர்ந்த கப்பல் அது. இன்று நாம் கட்டும் பெரிய போர்க்கப்பல்களின் உடம்பெல்லாம் இந்த வகை எஃகுதான்.

ஓடுவதற்கு வருகிறேன். ஹிம்கிரியில் இரண்டு அமெரிக்க எல்எம் 2500 கேஸ் டர்பைன்கள், இரண்டு ஜெர்மன் மேன் டீசல் எஞ்சின்கள். விக்ராந்தில் அதே அமெரிக்க டர்பைன் நான்கு. பெங்களூரில் எச்ஏஎல் என்ற அரசு விமான நிறுவனம் பாகங்களைப் பூட்டித் தருகிறது, உண்மைதான். பூட்டுவது வேறு, செய்வது வேறு. டெல்லி, கொல்கத்தா, விசாகப்பட்டினம் என்ற மூன்று வரிசை டெஸ்ட்ராயர் எனும் பெரிய போர்க்கப்பல்கள், மொத்தம் பத்துக் கப்பல்கள், உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரத்து டர்பைனில் ஓடுகின்றன.

இதில் ஒரு கூத்து உண்டு. 2014இல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்ததும், உக்ரைன் ரஷ்யாவுக்கு டர்பைன் தருவதை நிறுத்தியது. ரஷ்யாவின் கலினின்கிராடில் பாதி கட்டிய போர்க்கப்பல்கள் எஞ்சின் இல்லாமல் கூடாகக் கிடந்தன. அதில் இரண்டை வாங்கிக்கொள்ள நாம் முன்வந்தோம். உக்ரைனிடம் நாமே டர்பைனை விலைக்கு வாங்கி, அதை ரஷ்யத் தளத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, பொருத்த வைத்தோம். துஷில் 2024 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது, தமால் 2025 ஜூலையில். ஒருவர் மீது ஒருவர் குண்டு போடும் இரண்டு நாடுகளின் கைவேலை ஒரே கப்பலில் இருக்கிறது. ராஜதந்திரம் என்று பார்த்தால் கைதட்ட வேண்டிய காரியம். எஞ்சின் அறையில் நிற்பவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. மிக்கோலாயிவ் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான ஊர். உதிரிபாகம் வேண்டும் என்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

எங்கள் காலத்தில் ஒரு பம்ப் கெட்டால் நாங்களே பிரிப்போம், டாக்யார்டு லேத்தில் புஷ் கடைந்து போடுவோம். இப்போதைய டர்பைனில் உள்ளே கை வைக்க முடியாது. மொத்தமாகத் தூக்கி எடுத்துவிட்டு வேறொன்றை இறக்குவார்கள்; பழுதானது பெட்டியில் ஏறிப் பயணம் போகும். வேகமான முறை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டி எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டின் மனநிலைக்கு நாம் முப்பது ஆண்டு கட்டுப்பட்டவர்கள்.

ஆள் விஷயத்திலும் எனக்கு உறுத்தல் இருக்கிறது. அக்னிவீரர்களாகச் சேரும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், எங்களைவிடப் படித்தவர்கள். நான்கு ஆண்டு முடிந்ததும் நூற்றில் 25 பேர் வரைதான் நிரந்தரமாக இருக்க முடியும். ஓடும் எந்திரத்தின் சத்தத்தை வைத்தே பேரிங் போகப்போகிறது என்று சொல்லும் காது எனக்கு ஏழெட்டு ஆண்டுக்குப் பிறகுதான் வந்தது. சென்சார் இருக்கிறதே என்பார்கள். சென்சாரும் கெட்டுப்போகும்.

புகைப்படத்துக்கு எடுப்பாக இல்லாத கப்பல்களுக்கு நம் நாட்டில் நாதி கிடையாது. கண்ணிவெடி வாரும் கப்பல் என்று ஒரு வகை உண்டு. துறைமுக வாயிலில் எதிரி நான்கு கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டால், விக்ராந்தே ஆனாலும் உள்ளேதான் நிற்க வேண்டும். அந்தக் கப்பல் வந்து வழியைச் சுத்தம் செய்தால்தான் வெளியே போகலாம். பாண்டிச்சேரி, கடலூர், கோழிக்கோடு என்று நம் ஊர்ப் பெயர்களைத் தாங்கிய பன்னிரண்டு கப்பல்கள் இருந்தன. கடலூர் 2018இல் ஓய்வு பெற்றது, 2019இல் கோழிக்கோட்டோடு கடையைக் கட்டினார்கள். மாற்றுக்கு ஒன்றுகூட இல்லை. தென்கொரிய நிறுவனம் ஒன்றோடு ஆண்டுக்கணக்கில் பேசி முறித்துக்கொண்டார்கள். 2025 ஜூலையில்தான் புதிதாகக் கட்ட முதற்கட்ட ஒப்புதல் கிடைத்திருக்கிறது. நீர்மூழ்கிக் கதையும் இதே ரகம்: 2017இல் கல்வரி சேர்ந்தபோது அதற்கான புதிய கனரக டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) கிடையாது, அந்த ஒப்பந்தத்தையே கைவிட்டிருந்தார்கள். 2035க்குள் 175 கப்பல் என்று இலக்கு சொல்கிறார்கள். எண்ணிக்கை எப்படியோ வந்துவிடும். அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை கண்ணிவாரிகள் என்பதே என் கேள்வி.

எஞ்சினை நாம் செய்து பார்க்கவில்லையா? பார்த்தோம். காவேரி விமான எஞ்சினிலிருந்து 12 மெகாவாட் அளவில் கப்பலுக்கான டர்பைன் ஒன்றை உருவாக்கி விசாகப்பட்டினத்தில் சோதித்தார்கள். எந்தக் கப்பலிலும் அது ஏறவில்லை. ஹிம்கிரி வரிசையின் ஏழு கப்பலுக்குப் பதினான்கு டர்பைன் என்ற அளவில் ஆர்டர் கொடுத்தால் எந்தத் தொழிற்சாலை முதல் போடும்? எனக்குத் தோன்றும் இன்னொரு காரணம்: ரஷ்யா எஃகு தராததால் எஃகு செய்தோம். டர்பைன் பணம் கொடுத்தால் வந்துகொண்டே இருந்தது.

2025 ஏப்ரலில் ஒரு சின்ன நல்ல செய்தி வந்தது, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் அனுப்பவில்லை. கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனத்தோடு 6 மெகாவாட் கப்பல் டீசல் எஞ்சினின் முன்மாதிரியைச் செய்ய ஒப்பந்தம்: ரூ.270 கோடி, அதில் 70 சதவீதம் அரசின் பணம். ஹிம்கிரியில் இருக்கும் ஜெர்மன் டீசலும் ஏறக்குறைய 6 மெகாவாட்தான். அது சோதனை மேடையில் ஏறும் நாளில் தேங்காய் உடைத்துப் படம் போடுவார்கள். எனக்கு அதன் ஓட்டப் பதிவேட்டைப் பார்க்கத்தான் ஆசை: முழுச் சுமையில் நிற்காமல் எத்தனை மணி நேரம் ஓடியது, முதலில் எது பழுதானது, பிஸ்டன் ரிங்கா, டர்போ சார்ஜரா, அதைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆனது. ரகசியம் என்று சொல்லிப் பூட்டி வைப்பார்கள், தெரியும்.