கல் மாதிரி, ஆனா கல் இல்ல

"இந்தக் கல்தொட்டியை எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?"ன்னு பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க. ஒரு கையால தூக்கிக் காட்டினேன்!

பேரு ஹைப்பர்டூஃபா. சிமெண்ட் ஒரு பங்கு, பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூடாக்கிப் பொரிச்ச லேசான வெள்ளை மணி) ஒன்றரை, தேங்காய் நார்த்தூள் ஒன்றரை. மணல், ஜல்லி கிடையாது, அதான் கனமில்ல. வெள்ளைக்காரங்க நார்த்தூளுக்குப் பதிலா பீட் மாஸ்ங்கிற சதுப்புநிலப் பாசித்தூள் போடுவாங்க. நமக்கு நார்த்தூளே தாராளம்.

தண்ணிலதான் சூட்சுமம். கலவையை அள்ளி இறுக்கினா உருண்டை பிடிக்கணும், விரலிடுக்குல ரெண்டு சொட்டுக்கு மேல வடியக் கூடாது. புட்டு மாவைவிடக் கொஞ்சம் ஈரம் கூட. எண்ணெய் தடவின ஐஸ்கிரீம் டப்பாதான் அச்சு. அடியில ஓட்டை கட்டாயம், தண்ணி தேங்கினா ஏடிஸ் கொசு குடித்தனம் வந்துடும்.

மறுநாள் அரைப்பதமா இருக்கும்போதே கம்பி பிரஷ்ஷால ஓரத்தைத் தேய்க்கணும். வழவழப்பு போய், மழையில அரிச்ச பாறை மாதிரி சொரசொரன்னு ஆகும். எனக்குப் பிடிச்ச வேலையே இதுதான். அப்புறம் பிளாஸ்டிக்ல சுத்தி 3, 4 வாரம் நிழல்ல. செடி வைக்கிறதுக்கு முன்னாடி தண்ணில ஊறப் போட்டு, மாத்தி மாத்தி ஊத்தி, சுண்ணாம்புக் காரத்தை எடுத்துடுங்க. கையுறை, முகக்கவசம் மறக்காதீங்க.

வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடித் தாழ்வாரத்துல 1.2 மீட்டர் வழி விட்டுத்தான் வைக்கணும், தெரியும்ல?

அடுத்தது துளசி மாடம். பெர்லைட் பாதி மூட்டை மிச்சம் இருக்கு, வேணும்னா கேளுங்க.